மோழைப் பசுவின் வம்சச் சீட்டு

1859இல் ஸ்காட்லாந்தின் கெய்லர் பண்ணையில் ஒரு கிழட்டுப் பசுவின் மேல் இடி விழுந்தது. பசுவுக்கு அப்போது 35 வயது. மாட்டுக்கு 20 வயதே பெரும் பாக்கியம். அந்த ஆயுளுக்குள் அது 29 கன்று ஈன்றதாகச் சொல்கிறார்கள். பண்ணையில் அதற்கு ‘ஓல்டு கிரானி’ என்று பெயர். நாமானால் ‘கிழப்பாட்டி’ என்று கூப்பிட்டிருப்போம்.

பாட்டி உயிரோடு இருந்தவரை அதன் பெயரைப் பதிய வம்சப் புத்தகம் எதுவும் அச்சில் வரவில்லை. செத்து மூன்று வருஷம் கழித்து, 1862இல், கொம்பில்லாத மாடுகளுக்கென்று முதல் வம்சப் புத்தகம் வந்தது. பசுக்களின் வரிசையில் எண் 1 பாட்டிக்குக் கிடைத்தது. இன்று உலகில் மேயும் கறுப்பு ஆங்கஸ் மாடுகளில் பெரும்பாலானவற்றின் வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் இந்தப் பசுவின் தொழுவத்துக்கு வந்து சேரலாம்.

அப்படிப் பிடித்துக்கொண்டு போக உதவும் கயிறு, வம்சச் சீட்டு என்ற ஒரு காகிதம். ஆங்கஸ் கிடாரி ஒன்றை இனவிருத்திக்கு வாங்குகிறவர், ஒரு கண்ணை மாட்டின் மேலும் மறு கண்ணை அந்தக் காகிதத்தின் மேலும் வைத்திருப்பார். அந்தக் காகிதம் பிறந்து, எரிந்து, கடல் கடந்து, பொய் சொல்லி, திருந்தி இன்றைய உருவத்துக்கு வந்த கதை இது.

கண் மட்டுமே இருந்த காலம்

கொம்பில்லாத மாட்டுக்குத் தமிழில் மோழை என்று பெயர். ஆள் ஏழையானால் மோழையும் பாயும் என்ற பழமொழியில் வருவது அந்த மோழைதான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலும் இப்படிச் செல்லமான சொற்கள் உண்டு. ஆங்கஸ் சீமையில் ‘டாடி’ என்பார்கள், வடக்கே பக்கன் சீமையில் ‘ஹம்லி’ என்பார்கள். இரண்டுக்கும் பொருள் மோழை. இந்த இரண்டு சீமை மாடுகளும் கலந்து உருவானதுதான் அபர்தீன் ஆங்கஸ்.

1808இல் ஹியூ வாட்சன் என்ற இளைஞர் கெய்லர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். தனிக்குடித்தனம் போகும் மகனுக்குச் சீராக, அப்பா தன் மந்தையிலிருந்து நல்ல கறுப்புப் பசுக்கள் ஆறும் ஒரு காளையும் கொடுத்தார். அது போதவில்லை. அந்தக் கோடையிலேயே வாட்சன் சந்தை சந்தையாக அலைந்து, பத்துக் கிடாரிகளையும் ஒரு காளையையும் வாங்கிவந்தார். கிடாரிகள் பல நிறம், காளை மட்டும் கறுப்பு. இனி என் மந்தை கறுப்பாகவே இருக்கும் என்று முடிவு செய்தார். ஒரு மனிதர் சந்தையிலிருந்து வீடு திரும்பிய பிறகு எடுத்த முடிவு இன்று கண்டங்கள் முழுக்க மேய்கிறது.

அன்றைக்கு அவரிடம் இருந்த கருவி கண் ஒன்றுதான். முதுகு நேராக இருக்கிறதா, விலா அகன்றிருக்கிறதா, நடை தளராமல் இருக்கிறதா என்று பார்த்தார். நல்லதென்று பட்டதை நல்லதோடு சேர்த்தார். பிறந்ததில் தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கசாப்புக்கு அனுப்பினார். 1842இல் பிறந்த அவருடைய செல்லக் காளை ‘ஓல்டு ஜாக்’ 1852 வரை மந்தையில் பொலிகாளையாக உழைத்தது. அந்த வருஷம் பெர்த் நகரில் நடந்த ஹைலேண்டு வேளாண் சங்கக் கண்காட்சியில் காளைகளுக்கான முதல் பரிசையும் வாங்கியது. பிற்பாடு வம்சப் புத்தகத்தில் காளைகளின் வரிசையில் எண் 1 இதற்குத்தான்.

கண்ணில் ஒரு குறை உண்டு. எதிரே நிற்கும் மாட்டைத்தான் அது பார்க்கும். அந்த மாடு தன் கன்றுக்கு எதைக் கொடுக்கப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. தாயையும் பாட்டியையும் பார்த்தவர்களுக்கு அதில் கொஞ்சம் பிடிபடும். ஆனால் பார்த்தவர் செத்தால் அந்த அறிவும் கூடவே போய்விடும். எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

எட்வர்டு ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் பண்ணைகளிலிருந்து விவரங்களைச் சேகரித்தார். அவை எடின்பரோவில் ஹைலேண்டு சங்கத்தின் காட்சிசாலையில் இருந்தன. 1851இல் அங்கே தீ பிடித்து எல்லாம் சாம்பலாயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கித்தான் 1862இல் புத்தகம் வெளிவந்தது. சீட்டின் முதல் பிறவி தீயில் போனதால், நம் கையில் இருப்பது அதன் மறுபிறவி.

தாய்வழிப் பெயர்கள்

புத்தகம் வந்ததும் பண்ணைக்காரர்கள் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் வேரூன்றியது. ‘குடும்பம்’ என்றால் தாய்வழி. மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி எல்லோருக்கும் மூலப் பசுவின் பெயரே குடும்பப் பெயர். காளை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறும். பசுவின் கொடி அறுந்தால் குடும்பம் அறுந்தது.

அப்படி ஒரு கொடி மயிரிழையில் தப்பியது. சவுத்எஸ்க் பிரபுவின் கின்னேர்டு பண்ணையில் எரிக்கா என்று ஒரு பசு இருந்தது. 1861இல் நடந்த விற்பனையில் பாலின்டாலக் கோட்டையின் ஜார்ஜ் மெக்ஃபர்சன் கிரான்ட் அதை 50 கினிக்கு வாங்கிப்போனார். நான்கு வருஷம் கழித்து, 1865இல், பிரிட்டனைச் சூறையாடிய மாட்டு வெக்கை கின்னேர்டு மந்தையையும் வாரிக்கொண்டு போனது. எரிக்கா அப்போது வேறு பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்தது. இன்றும் எரிக்கா குடும்பம் ஆங்கஸ் உலகில் பெரும் குடும்பங்களில் ஒன்று. பாலின்டாலக்கில் அந்த மந்தை இன்னும் தொடர்கிறது.

டில்லிஃபோர் பண்ணையின் வில்லியம் மெக்கோம்பி இதையே வேறு விதமாகச் செய்தார். ‘குயின் மதர்’ என்ற பசுவின் சந்ததியை மையமாக வைத்துக்கொண்டு, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து மந்தையைக் கட்டினார். அவருக்கு விளம்பரத்தின் அருமையும் தெரிந்திருந்தது. 1867இல் அவருடைய ‘பிளாக் பிரின்ஸ்’ எருது பர்மிங்ஹாம், ஸ்மித்ஃபீல்டு கண்காட்சிகளில் வென்றது. விக்டோரியா ராணி அதை வின்ட்சர் கோட்டைக்கு வரவழைத்துப் பார்த்தார். 1878இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஐரோப்பாவின் மற்ற இறைச்சி மாடுகளையெல்லாம் பின்தள்ளி மெக்கோம்பியின் கறுப்பு மாடுகள் தலைப்பரிசு பெற்றன. அந்தப் பரிசுக்குப் பிறகு வம்சச் சீட்டுக்கு விலை வந்தது.

புது எண், பழைய எண்

1873இல் ஜார்ஜ் கிரான்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நான்கு ஆங்கஸ் காளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவின் கான்சஸ் புல்வெளிக்குக் கொண்டுபோனார். அவற்றில் இரண்டை அந்த வருஷமே கான்சஸ் நகரக் கண்காட்சியில் நிறுத்தினார். நீண்ட கொம்புள்ள டெக்சஸ் மாடுகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கொம்பில்லாத கறுப்புக் காளை ஏதோ பிறவிக்கோளாறு போலத் தெரிந்தது.

காளைகளை டெக்சஸ் பசுக்களோடு சேர்த்தபோது அந்த எண்ணம் மாறியது. கன்றுகள் பெரும்பாலும் கறுப்பு, பெரும்பாலும் மோழை. கொம்பின்மையும் கறுப்பு நிறமும் ஆதிக்கப் பண்புகள். பெற்றோரில் ஒருவர் கொடுத்தாலே கன்றில் தெரிந்துவிடும். கன்றுகள் புல்வெளிக் குளிரைத் தாங்கின, எடையும் கூடுதலாக நின்றது. அடுத்த ஐந்தாண்டு போனபின் கூட்டம் கூட்டமாக வரவழைத்தார்கள். 1878க்கும் 1883க்கும் இடையில் சுமார் 1,200 மாடுகள் கடல் கடந்தன. 1883 நவம்பர் 21 அன்று சிகாகோவில் 60 உறுப்பினர்களோடு ஆங்கஸ் வளர்ப்போரின் அமெரிக்கச் சங்கம் தொடங்கியது.

புதிய சங்கம் புதிய புத்தகம் போட்டது, எண்களையும் புதிதாகக் கொடுத்தது. ஆகவே அமெரிக்கச் சீட்டில் பாட்டியின் பெயர் ‘ஓல்டு கிரானி 125 (1)’ என்று நிற்கும். சென்னையில் வீட்டு வாசலில் புது எண்ணும் பழைய எண்ணும் ஒரே பலகையில் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைப்புக்குள் இருப்பது ஸ்காட்லாந்து வீட்டு எண்.

காகிதம் பொய் சொன்ன வருஷங்கள்

வேர்பிடித்த எந்த ஆவணத்துக்கும் கர்வம் வரும், சீட்டுக்கும் வந்தது. சுத்தமான கறுப்புத் தாய்க்கும் சுத்தமான கறுப்புத் தந்தைக்கும் அவ்வப்போது செந்நிறக் கன்று பிறக்கும். இருவரும் சிவப்பு மரபணுவை மறைவாகச் சுமந்திருந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு அது வெளிப்பட வாய்ப்புண்டு. 1917இல் அமெரிக்கச் சங்கம் இந்தக் கன்றுகளைப் பதிவதில்லை என்று விதி செய்தது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்குச் சீட்டு உண்டு, தம்பிக்கு இல்லை. ஒதுக்கப்பட்ட செந்நிற மாடுகளைச் சேர்த்துக்கொண்டு 1954இல் தனிச் சங்கம் ஒன்று எழுந்தது.

கண்ணும் சும்மா இருக்கவில்லை. 1950களில் கண்காட்சி நடுவர்களுக்குக் குட்டையான, கொழுத்த, உருண்டைத் திரளான மாட்டின் மேல் மோகம் வந்தது. பிடித்து நிற்கும் மனிதனின் இடுப்புவார் உயரமே இருந்த மாடுகள் பரிசு வாங்கின. வாங்கிப்போன பண்ணைக்காரருக்குக் கன்று வளரவில்லை. பிறகு ஊசல் மறுபக்கம் போனது. 1970களிலும் 80களிலும் உயரமானதெல்லாம் வென்றது. அந்தப் பசுக்களுக்குத் தீனி கட்டுப்படியாகவில்லை, மேய்ச்சலை மட்டும் நம்பிய இடங்களில் சரியான நேரத்தில் சினையும் பிடிக்கவில்லை. இரண்டு காலத்திலும் பரிசுபெற்ற மாடுகளிடம் குறையில்லாத சீட்டு இருந்தது. யாருக்கு யார் பிறந்தார் என்பதைச் சீட்டு சரியாகவே சொன்னது. பிறந்தவர் என்ன செய்தார் என்பதை யாரும் அதில் எழுதச் சொல்லவில்லை.

1958இல் அமெரிக்க ஆங்கஸ் சங்கம் அதை எழுதத் தொடங்கியது. கன்றின் பிறப்பு எடை, 205 நாள் வயதுக்குச் சரிக்கட்டிய பால்மறக்கும் எடை, ஒரு வயது எடை எல்லாம் பண்ணைகளிலிருந்து வந்து சேர்ந்தன. கணக்குப்பொறியும் புள்ளியியலும் சேர்ந்தபின் அந்தக் குவியலிலிருந்து இ.பி.டி. என்ற எண் பிறந்தது. ஒரு மாட்டின் வாரிசுகளிடம் எதிர்பார்க்கக்கூடிய வித்தியாசம் என்று அதற்குப் பொருள். பிறப்பு எடைக்கு ஒரு காளையின் எண் 1, இன்னொன்றின் எண் 4 என்றால், ஒரே மாதிரிப் பசுக்களில் விட்டால் இரண்டாவதன் கன்றுகள் சராசரியாக 3 ராத்தல் கனமாகப் பிறக்கும். தலையீற்றுக் கிடாரிக்கு அந்த 3 ராத்தல், தானே ஈன்றெழுவதற்கும் நள்ளிரவில் மருத்துவரைக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரமாகிவிடலாம்.

எண்ணுக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. 2008இல் முதுகு வளைந்து, கால்கள் மடங்கி இறுகி, செத்துப் பிறக்கும் கன்றுகளைப் பற்றிப் பேச்செழுந்தது. ‘சுருண்ட கன்று’ என்றார்கள். ஆராய்ந்தபோது அது ஒடுங்கு மரபணுக் கோளாறு என்றும், 1979இல் பிறந்த ஒரு காளை வரை அதன் தடம் போகிறது என்றும் தெரிந்தது. அந்தக் காளையின் வழிவந்த, மிகச் சிறந்த எண்கள் கொண்ட ஒரு பொலிகாளையின் விந்து சினை ஊசி வழியாக எண்ணற்ற மந்தைகளில் பரவியிருந்தது. எல்லோரும் அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியதால், காகிதத்தின் இடது பக்கமும் வலது பக்கமும் அதே பெயரில் போய் முட்டின. சுமக்கும் இருவர் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு ஆபத்து.

விரைவிலேயே டி.என்.ஏ. சோதனை வந்தது. அதன்பின் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்துகள் ஏறின. ‘ஏ.எம்.எஃப்.’ என்றால் இந்தக் கோளாறு இல்லை. ‘ஏ.எம்.சி.’ என்றால் சுமக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நற்பெயர்களைச் சுமந்த சீட்டு, இந்தக் குறையையும் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கியது.

பட்டியில் ஒரு கிடாரி

இப்போது சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டி வேலியோரம் நிற்போம். உள்ளே பதின்மூன்று மாதக் கிடாரி ஒன்று நிற்கிறது. வாங்க வந்தவர் முதலில் செய்வது, இந்தச் சீட்டு இந்த மாட்டுடையதா என்று பார்ப்பது. கூண்டில் நிறுத்திக் காது மடலைத் திருப்பினால் உள்ளே பச்சை குத்திய எண் தெரியும். தமிழில் எந்த மையில் குத்தினாலும் பச்சைதான். கறுத்த காதில் எடுப்பாகத் தெரிவது பச்சை மைதான் என்பதால், இங்கே சொல்லும் பொருளும் ஒன்றாக இருக்கின்றன. எண் பொருந்தினால்தான் மேற்கொண்டு பேச்சு.

அடுத்து, நடக்கவிடுகிறார். நிற்கும் மாடு குறையை மறைக்கும், நடக்கும் மாடு மறைக்காது. முன்காலின் குளம்பு பதிந்த இடத்திலேயோ அதையொட்டியோ பின்காலின் குளம்பு விழவேண்டும். அதை எட்டாமல் விழுந்தால் பின்காலின் மடிப்பு மரக்கட்டைபோல நேராக இருக்கலாம். அப்படிப்பட்ட கால் அதிர்ச்சியைத் தாங்காமல் சில வருஷத்தில் மூட்டு வீங்கும். மடிப்பு மிகவும் அரிவாள்போல் வளைந்திருந்தால் பாரம் குதிகாலில் இறங்கும்.

பிறகு குனிந்து குளம்பைப் பார்க்கிறார். இரண்டு நகமும் ஒரே அளவாக, முன்நோக்கி இருக்கவேண்டும். கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. குளம்புக்கு மேலுள்ள கணு தரையோடு ஏறத்தாழ 45 பாகை சாயவேண்டும். அமெரிக்கச் சங்கம் இதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் வைத்திருக்கிறது. இங்கே 9 வாங்கியவன் கெட்டிக்காரன் இல்லை. நடுவிலுள்ள 5தான் லட்சணம், இரண்டு கோடியும் கோளாறு.

பின்னால் போய் நிற்கிறார். இடுப்பு முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு வரை லேசான சரிவு வேண்டும். அந்த எலும்புகளுக்கிடையே அகலம் வேண்டும். கன்று வெளியே வரும் வாசல் அது. வெளியே தெரிவது பாதிதான் என்பதால் ஒரு வயதை ஒட்டி மருத்துவர் உள்ளே கைவிட்டு இடுப்புக்கூட்டின் அளவை எடுப்பார். கருப்பையும் சூலகமும் முதிர்ந்திருக்கின்றனவா என்று 1 முதல் 5 வரை மதிப்பெண்ணும் கொடுப்பார். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி என்றால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் மலடு. எவ்வளவு அழகு இருந்தும் பயனில்லை.

விலா விரிந்து, வயிறு ஆழ்ந்திருந்தால் புல்லை நிறையக் கொள்ளும். கழுத்து மெலிந்து, முகம் பெண்மையோடு இருப்பதை விரும்புவார்கள். கொழுப்புத்தான் கண்ணை ஏமாற்றும். கண்காட்சிக்காகத் தீனி ஏற்றிய கிடாரி பளபளவென்று நிற்கும். ஆனால் வளரும் பருவத்தில் மடியில் சேரும் கொழுப்பு பின்னாளில் பாலைக் குறைக்கும். 590 கிலோ பசுவாக வளரப்போகும் கிடாரி, சினைக்கு விடும்போது 355 முதல் 385 கிலோ இருந்தால் சரி. பதினாலு பதினைந்து மாதத்தில் சினை பிடித்து, இரண்டு வயதில் தலையீற்று ஈனவேண்டும் என்பது கணக்கு.

மடியைப் பார்க்க முடியுமா? இன்னும் மடியே இறங்கவில்லை. பாலைப் பார்த்துப் பசுவைக் கொள், தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே முதல் பாதி உதவாது. இறைச்சி மாட்டை யாரும் கறப்பதில்லை, பால் செம்பில் விழுவதே இல்லை. அது கன்றின் எடையாக மாறித்தான் தராசுக்கு வரும். சீட்டில் ‘பால்’ என்ற தலைப்பின் கீழுள்ள எண்கூட, இந்தக் கிடாரியின் மகள்கள் ஊட்டி வளர்க்கும் கன்றுகள் பால்மறக்கும்போது எத்தனை ராத்தல் கூடுதலாக நிற்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே பசுவைக் கொள்வதற்கும் தாயைத்தான் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர் விற்பவரிடம், “இதன் தாய் எங்கே நிற்கிறது?” என்று கேட்பார். தாயின் மடி வயிற்றோடு ஒட்டி நிற்கிறதா, பிறந்த கன்றின் வாய்க்குள் அடங்கும் காம்பா, ஆளைக் கண்டு மிரளாமல் நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கன்றுத் தேதிகள்

கடைசியில் மறுபடி காகிதம். பெரிய பெயருள்ள காளை தாத்தாவாக இருப்பதை விற்பவர் விரல்வைத்துக் காட்டுவார். வாங்குபவர் தலையாட்டிவிட்டு வேறொரு விவரத்தைக் கேட்பார். தாய்ப்பசுவின் ஈற்றுக் கணக்கு. எத்தனை கன்று, எந்தெந்தத் தேதியில், பால்மறக்கும்போது கூட்டத்தின் சராசரியை 100 என்று வைத்தால் அதன் கன்றுகள் எவ்வளவு.

ஒரு தாய்ப்பசு எட்டு வருஷம் தொடர்ந்து வசந்தத்தில் ஏறத்தாழ அதே வாரத்தில் ஈன்றிருந்தால், அந்த எட்டுத் தேதிகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கால் தாங்கியிருக்கிறது, மடி தாங்கியிருக்கிறது, மேய்ச்சல் போதியிருக்கிறது, ஈன்ற மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்திருக்கிறது. இதில் ஏதொன்று தவறியிருந்தாலும் வரிசையில் ஒரு வருஷம் ஓட்டை விழுந்திருக்கும், அல்லது வரிசையே நின்றிருக்கும். பட்டியில் நிற்கும் கிடாரியிடம் கண் தேடியதெல்லாம், தாயின் கணக்கில் நடந்து முடிந்த செய்தியாக இருக்கிறது.

கெய்லர் பாட்டிக்கு மதிப்பெண் இல்லை, இ.பி.டி. இல்லை, காதில் பச்சை இல்லை. 35 வருஷமும் 29 கன்றும் இருந்தன. அவற்றில் 11 கன்றுகள் வம்சப் புத்தகத்தில் ஏறின. சீட்டு அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள நூறு வருஷம் பிடித்தது.

கிடாரியின் சீட்டில் அதன் சொந்தக் கணக்கு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. விலை பேசி முடிந்து, சினைக்கு விட்டு, ஒன்பது மாதம் சொச்சம் காத்திருந்து, ஒரு விடிகாலையில் ஈரக் கன்று எழுந்து நின்று காம்பைத் தேடும்போதுதான் முதல் தேதியை எழுத முடியும். இரண்டாவது தேதி அடுத்த வருஷம் அதே வாரத்தில் விழுகிறதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.